பயன் சொன்ன நாவல்களும் படித்த பெண்களும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கருத்தரங்கில் இலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, நமது ஊரோடும் பெண்களின் படிப்போடும் ஒருங்கே தொடர்புள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினேன். தமிழ் நாவல் என்னும் குழந்தை தவழத் தொடங்கிய காலத்தில் அதற்குக் கைகொடுத்தவர்களில் இருவர் திருகோணமலைக்காரர். ஒருவர் 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்ட எஸ். இன்னாசித்தம்பி. மற்றவர் 1895இல் ‘மோகனாங்கி’யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை. உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவர்கள் இந்தப் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பீர்கள். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் மறந்தும் இருப்பீர்கள். அதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. ஆண்டும் பெயரும் மட்டும் கேட்கும் வினாவுக்கு அதற்கு மேல் நினைவு தேவைப்படுவதில்லை.

அந்த ஆண்டுகளையும் பெயர்களையும் தாண்டி ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன். அந்தக் காலத்து நாவல்கள் பெண்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வந்தன? பெண்கள் அவற்றிலிருந்து எதைக் கற்றிருக்கக்கூடும்?

முதலில் நாமெல்லோரும் அறிந்த ஒரு வழக்கத்தை நினைவூட்டுகிறேன். நம் கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும். ஒருவர் பாட்டைப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் என்பது பொருள் மட்டுமன்று. இந்தக் கதையிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது இது, இப்படி நடந்தால் இன்ன கதி, அப்படி நடந்தால் இன்ன பேறு என்று கேட்போர் மனத்தில் பதிய வைப்பது. பாட்டையும் கேட்பவரையும் இணைக்கும் பாலமாக அவர் இருப்பார். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பயனைத் தாமாகத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. சொல்லித்தர ஆள் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கூடம் வந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்துவிட்டார்கள். எழுத்தறிந்த பெண் உருவானதும் பெரியவர்களுக்கு ஒரு கவலையும் உண்டாயிற்று. இவள் எதைப் படிப்பாள்? காதல் கதைகளைப் படித்துக் கெட்டுப்போனால் என்ன செய்வது? அந்தக் கவலைக்கு மருந்தாகத்தான் நாவல் பல இடங்களில் அறிமுகமாயிற்று. பயன் சொல்பவர் கோயில் மண்டபத்திலிருந்து எழுந்து புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார் என்று சொல்லலாம்.

இது தமிழில் மட்டும் நடந்ததன்று. இந்தியா முழுவதிலும் இதே செய்தியைக் காண்கிறோம். வட இந்தியாவில் டிப்டி நசீர் அகமது 1869இல் ‘மிராத்துல் உரூஸ்’ என்ற உருது நாவலை எழுதினார். மணமகளின் கண்ணாடி என்பது அதன் பொருள். பாடசாலைப் பரிசோதகராக இருந்த அவர், தம் பெண் பிள்ளைகள் படிப்பதற்காகவே அதை எழுதியதாகச் சொன்னார். அக்பரி, அஸ்கரி என்று இரண்டு சகோதரிகள். மூத்தவள் செல்லத்தால் கெட்டவள், இளையவள் கெட்டிக்காரி. ஆங்கில அரசாங்கம் அந்த நூலுக்கு 1,000 ரூபாய் பரிசு கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1870இல், மீரட்டைச் சேர்ந்த பண்டிதர் கௌரிதத் ஹிந்தியில் ஒரு கதை எழுதினார். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்மாரின் கதை. படித்த இளையவளால் வீடு விளங்குகிறது. படியாத மூத்தவளால் சண்டை வளர்கிறது. அதற்கு அரசாங்கம் 100 ரூபாய் பரிசளித்தது. ஹிந்தியின் முதல் நாவல் இதுவே என்று சொல்வாரும் உண்டு. 1882இல் வந்த லாலா சிறீநிவாசதாசின் ‘பரீட்சா குரு’தான் முதல் நாவல் என்று சொல்வாரும் உண்டு. அந்தக் கதையும் நீதி போதனைதான். முகத்துதி பாடும் நண்பர்களை நம்பிச் சொத்தை அழிக்கும் வணிகர் வீட்டுப் பிள்ளையை நல்ல நண்பர் ஒருவர் மீட்டெடுக்கிறார்.

வங்காளத்தில் இன்னும் முன்பாகவே, 1852இல், ஹன்னா கதரின் முலன்ஸ் என்ற மிஷனரி அம்மையார் பூல்மணி, கருணா என்ற இரு பெண்களின் கதையை எழுதியிருந்தார். ஒருத்தி நல்ல கிறிஸ்தவப் பெண், மற்றவள் வழி தவறித் திருந்துபவள். சிங்களத்திலும் ஐசாக் த சில்வா அதிர்ஷ்டமுள்ள குடும்பம் ஒன்றையும் அதிர்ஷ்டமற்ற குடும்பம் ஒன்றையும் அருகருகே வைத்துக் கதை சொன்னார். மொழி வேறு, சமயம் வேறு. ஆனாலும் சட்டகம் ஒன்றுதான். இரண்டு பெண்கள், அல்லது இரண்டு வீடுகள். ஒன்று நல்லது, மற்றது கெட்டது. பார்த்துக் கற்றுக்கொள் என்று ஆசிரியர் விரலை நீட்டுகிறார்.

தமிழில் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம்பிள்ளை ‘நீதிநூல்’ எழுதிய பிறகுதான் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவும், தாம் முன்பு செய்யுளில் சொன்ன நீதிகளைக் கதையால் விளக்கவுமே அதை எழுதியதாக முன்னுரையில் அறிவித்தார். கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை, முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை வேண்டும் என்று பாடுபட்டவர். அவர் 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திர’த்தை எழுதினார். யாழ்ப்பாணத்துச் சி. வை. சின்னப்பபிள்ளை 1905இல் தம் நாவலுக்கு வைத்த பெயரே ‘வீரசிங்கன் அல்லது சன்மார்க்க ஜெயம்’. முடிவில் எது ஜெயிக்கும் என்பதை அட்டையிலேயே சொல்லிவிட்டார். வாசிப்பவருக்கு இதைவிட உத்தரவாதம் வேறென்ன வேண்டும்!

இவற்றைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் சற்று நின்று யோசிக்க வேண்டும். போதனை செய்வது எளிது. போதனையைக் கதையாக்கினால் ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. கதையில் வரும் பெண் நல்லவள் என்று காட்ட வேண்டுமானால், அவளுக்கு நல்லது கெட்டது தெரிந்தெடுக்கும் தருணம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குள் சும்மா இருப்பவளை வைத்துக் கதை சொல்ல முடியாது. அவளை வெளியே அனுப்ப வேண்டும், ஆபத்தில் மாட்ட வேண்டும், தன் புத்தியால் தப்ப வைக்க வேண்டும். வேதநாயகம்பிள்ளையின் ஞானாம்பாளைப் பாருங்கள். கணவனைப் பிரிந்த அவள் ஆண் வேடம் பூண்டு, விக்கிரமபுரி என்னும் நாட்டுக்கே அரசனாகி, நீதி வழுவாமல் ஆட்சி செய்கிறாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி அடக்கமான மனைவியாகிவிடுகிறாள் என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தைப் படித்த பெண் பிள்ளை, ஒரு பெண்ணால் நாடாள முடியும் என்பதைப் படித்துவிட்டாள். பின்னால் வரும் அடக்கம் அதை அவள் மனத்திலிருந்து அழித்துவிடாது.

புராண படனத்துக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாவலைப் பெண் தனியாகப் படிக்கிறாள். ஆசிரியர் கதையை நிறுத்திப் பக்கம் பக்கமாகப் பயன் சொன்னாலும், அவள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போகலாம். பயனை அவளே எடுத்துக்கொள்கிறாள். எதை எடுத்தாள் என்று கேட்க அருகில் ஒருவரும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதைச் சரித்திர பாடத்தில் படித்தோம். அந்த வழியில் கதைகளும் வந்தன. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டைச் சகோதரரின் கதையைத் தழுவியது. அதை எல்லோரும் வீரக் கதை என்றே சொல்வார்கள். ஆனால் அந்த ஐரோப்பியக் கதை எப்படித் தொடங்குகிறது? ஒரு சக்கரவர்த்தினி மீது கற்புத் தவறினாள் என்று பொய்ப்பழி சுமத்தப்படுகிறது. கணவன் விசாரியாமல் அவளை நாட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் காட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிச் செல்கிறது, மற்றது அரண்மனையில் வளர்கிறது. பிள்ளைகளின் வீரமெல்லாம் அதற்குப் பிறகு வருவது. தாய்க்கு நேர்ந்த அநியாயம் இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. சீதையின் கதையைக் கேட்டு வளர்ந்த திருகோணமலைப் பெண்ணுக்கு இது தூரதேசத்துக் கதையாகத் தோன்றியிருக்குமா?

சரவணமுத்துப்பிள்ளை விடயம் வேறு. அவர் இங்கே பிறந்து சென்னைக்குச் சென்று படித்துப் பணியாற்றியவர். பதிப்பாசிரியராகவும் புலவராகவும் புகழ்பெற்ற தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. அவர் சென்னையில் வாழ்ந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண், சின்ன வயதில் தன் விருப்பம் கேளாமல் கட்டிவைத்த கணவனோடு வாழ மறுத்தார். 1887இல் நீதிமன்றம், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறைக்குப் போ என்று தீர்ப்பளித்தது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். பின்னர் வழக்கு சமரசமாயிற்று. அவர் இலண்டனில் வைத்தியம் படித்து டொக்டராகத் திரும்பினார். 1891இல் இந்திய அரசாங்கம் பெண்களின் சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திச் சட்டம் கொண்டுவந்தபோது நாடே இரண்டு பட்டு நின்றது. பெண்ணின் சம்மதம் என்ற சொல் பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட காலம் அது.

அந்தச் சட்டம் வந்த மறு வருடம், 1892இல், சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தைவிடு தூது’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். தலைவி கிளியைத் தூது விடுவது பழைய இலக்கிய வடிவம். ஆனால் அந்த வடிவத்துக்குள் அவர் வைத்த பொருள் புதிது. பெண்ணை அடைத்து வைப்பதையும், அவள் விருப்பம் அறியாமல் மணம் முடிப்பதையும் எதிர்த்து அந்த நூல் பேசுகிறது. பாரதியாருக்கு அப்போது 10 வயது. பெண் விடுதலையைத் தமிழ்ச் செய்யுளில் முதலில் பேசியவர்கள் யார் என்று கணக்கெடுத்தால், நம் ஊர்ப் பெயர் ஒன்று முன்வரிசையில் நிற்கும்.

மூன்று வருடம் கழித்து வந்தது ‘மோகனாங்கி’. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை இளவரசி மோகனாங்கிக்கும் உள்ள காதல் அதன் பொருள். வரலாறு சொல்வது கொடுமையானது. சொக்கநாதருக்குப் பெண் கொடுக்கத் தஞ்சை விஜயராகவ நாயக்கர் மறுத்தார். 1673இல் போர் மூண்டது. தோல்வி நிச்சயம் என்று கண்டதும், எதிரி கையில் அகப்படக்கூடாதென்று அந்தப்புரத்துப் பெண்களை வெடிவைத்துக் கொல்லும்படி அவர் கட்டளையிட்டதாக மரபுச் செய்தி கூறுகிறது. தகப்பனின் மானத்துக்கும் கேட்டவனின் கௌரவத்துக்கும் இடையில், அந்தப் பெண் என்ன விரும்பினாள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சரித்திரச் சுருக்கங்களில் அவள் பெரும்பாலும் தஞ்சை நாயக்கரின் மகள், அவ்வளவுதான். சரவணமுத்துப்பிள்ளை அவளைக் காதலிக்கும் பெண்ணாக்கினார். அவள் பெயரையே நூலுக்குச் சூட்டினார்.

மற்ற நாவலாசிரியர்கள் பெண்களைத் திருத்த வந்தார்கள். இவர் பெண்களை அடக்கும் வழக்கத்தைத் திருத்த வந்தார். இதுதான் நான் காணும் வேறுபாடு. நல்ல பெண் யார் என்று கேட்பதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர்.

பின்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘மோகனாங்கி’ பிற்காலத்தில் சுருக்கப்பட்டு மறுபடியும் அச்சாயிற்று. அப்போது அதன் பெயர் ‘சொக்கநாத நாயக்கர்’. நூல் சுருங்கியபோது அட்டையிலிருந்து பெண்ணின் பெயர் போய் அரசனின் பெயர் வந்துவிட்டது. சுருக்கியவர் என்ன எண்ணிச் செய்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகள் கைக்குப் போகும் புத்தகத்தில் எது முதலில் வெட்டப்படுகிறது என்று கவனிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். காதலும் பெண்ணின் விருப்பமும் இளம் வயதினருக்கு ஆகாது என்றும், போரும் அரசியலும் ஆகும் என்றும் நினைக்கும் மனநிலை அன்றைக்கு மட்டும் இருந்ததன்று. 

இன்னுமொரு நூலைச் சொல்லி முடிக்கிறேன். இதுவரை நான் சொன்ன எழுத்தாளர்கள், அந்த மிஷனரி அம்மையாரைத் தவிர, எல்லோரும் ஆண்கள். 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதினார். ஈழத்தில் நாவல் எழுதிய முதல் தமிழ்ப் பெண் அவர். தலைப்பு வேதாகமத்துச் சங்கீதத்திலிருந்து வந்த தொடர். இந்த நாவலும் போதனைக்காக எழுதப்பட்டதுதான். இதிலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்: கண்மணி, பொன்மணி. பழைய சட்டகம்தானே என்று நினைப்போம். ஆனால் கதை அப்படிப் போகவில்லை. கணவன் செய்யும் கொடுமையெல்லாம் வாய்திறவாமல் பொறுத்துக்கொள்ளும் கண்மணியின் வாழ்வு நொறுங்கிப் போகிறது. பெற்றோர் பேசிய சம்பந்தத்துக்கு உடன்படாமல் தான் விரும்பியவரை மணக்கும் பொன்மணி நன்றாக வாழ்கிறாள். ஆசிரியை கண்மணியின் பொறுமையைப் போற்றுகிறார், அவளுக்காக நம்மை அழ வைக்கிறார். ஆனால் நூலை மூடி வைக்கும் பெண் யாரைப் போல வாழ விரும்புவாள்? இரண்டு பெண்களை அருகருகே நிறுத்தும் அதே முறையை ஒரு பெண் கையில் எடுத்தபோது, கணக்கு வேறு விதமாக வந்துவிட்டது. சீதனத்தையும் பேச்சுக்கால் கலியாணத்தையும் உள்ளிருந்து பார்த்தவர் எழுதினால் அப்படித்தான் வரும்.

சகோதரிகளே, இதையெல்லாம் இந்த மேடையில் ஏன் பேசுகிறேன்? நம் கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகள் அந்த நாவல்களின் வயதை ஒத்தவை. ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. பெண்ணுக்கு எழுத்தறிவு கொடுப்போம், ஆனால் நல்ல மனைவியாக, நல்ல தாயாக ஆவதற்கு வேண்டிய அளவுக்குக் கொடுப்போம் என்பதே அன்றைய பெரியவர்கள் பலரின் கணக்கு. படிப்பு அந்த அளவோடு நிற்கவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் டொக்டர்களும் சட்டத்தரணிகளும் எந்திரிகளும் அதிபர்களும் அதற்குச் சாட்சி. போர்க்காலத்தில் கணவனை, பிள்ளையை, வீட்டை இழந்த பிறகு தனியே நின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களும் அதற்குச் சாட்சி. அவர்களை அதற்குத் தயார் செய்தது எந்த நீதிபோதனைப் பாடம்? சிந்திக்கக் கிடைத்த கொஞ்ச இடம்தான் என்பது என் எண்ணம்.

இன்று பெண் பிள்ளைகளுக்குப் பயன் சொல்ல ஆட்கள் குறைவில்லை. கைத்தொலைபேசியைத் திறந்தால் எப்படி உடுப்பது, எப்படிப் பேசுவது, எப்படி நல்ல மருமகளாவது என்று ஆயிரம் குரல்கள். அவற்றை அடைத்துவிட நம்மால் முடியாது. அடைப்பதும் வழியன்று. எந்தக் கதையைக் கேட்டாலும், இதில் வரும் பெண் என்ன விரும்பினாள், அதை யார் கேட்டார்கள் என்று பிள்ளைகள் தாமே விசாரிக்கப் பழக வேண்டும். 

ஆகவே நூற்றாண்டு நினைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நினைவுக் கல்லும் அலங்கார வளைவும் வைப்பது நல்லதே. அதோடு கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரி வையுங்கள். ‘மோகனாங்கி’ சில வருடங்களுக்கு முன் மறுபதிப்பாக வந்திருக்கிறது. சுருக்கத்தை விட்டு முழு நூலையே வாங்குங்கள். ‘தத்தைவிடு தூது’, ‘ஊசோன் பாலந்தை கதை’, ‘அசன்பேயுடைய சரித்திரம்’, ‘நொறுங்குண்ட இருதயம்’ ஆகியவற்றையும் தேடிச் சேருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பழைய மாணவியர் இரண்டு பேர் வந்து, உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓர் அதிகாரம் படியுங்கள். படித்து முடித்ததும் நீங்கள் பயன் சொல்லாதீர்கள். அது எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்குக் கொஞ்சம் சிரமம்தான்! ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். கண்மணி ஏன் பேசவில்லை என்று ஒருத்தி கேட்பாள். ஞானாம்பாள் ஏன் அரியணையை விட்டாள் என்று இன்னொருத்தி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. கேள்வி அவளுடையதாக இருக்கட்டும்.